வீட்டுப் பூனைக்கு வானவெளி: மாடிக்கூண்டு அமைக்கும் முறை

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே கேட்பது நாலே விஷயம்தான்: காலை வெயில், காற்று, உயரமான ஓர் இருக்கை, அங்கிருந்து பார்க்கக் காக்கையும் அணிலும். தெருநாய், கடுவன் சண்டை, எலிப் பாஷாணம் தின்ற எலி, பக்கத்து வீட்டு மூடாத கிணறு இதெல்லாம் அது கேட்காமலே வருவது. அந்த நாலையும் பதினெட்டுச் சதுர அடிக்குள் கொடுத்துவிடலாம்.

கட்டுவதற்கு முன் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா என்கிற முன்பகுதி தாண்டி, பட்டாசாலை என்கிற கூடம் தாண்டினால் வானவெளி, அதாவது மேலே திறந்த முற்றம் இருக்கும். கள்ளன் இறங்காமலிருக்க அதன் மேலே ஏற்கெனவே இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். அப்படியானால் முக்கால் வேலை முடிந்தது. கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலம் இருந்தாலே வளர்ந்த பூனை நுழைந்துவிடும், குட்டிக்கு இரண்டரை அங்குலம் போதும். கம்பியின் மேல் ஒரு அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பிவலை) விரித்து, அரை அடிக்கு ஒரு கட்டு வீதம் கட்டுக்கம்பியால் முறுக்குங்கள். முறுக்கிய முனை மேல்பக்கம் இருக்க வேண்டும்.

வானவெளியில் தவறு நடப்பது பெரும்பாலும் மேலே அல்ல, ஓரத்தில். பூனை தூணில் ஏறி, தாழ்வாரத்து ஓட்டுக்கும் கம்பிக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகக் கூரைக்குப் போய்விடும். அந்தச் சந்தைச் சுற்றிலும் மெஷ் துண்டால் அடையுங்கள். மழைத் தண்ணீர் போகும் மடைக்கு அரை அங்குலக் கண் மெஷ் போடுங்கள். பூனை வெளியே போவதைவிட, பெருச்சாளியும் அதைத் தேடிப் பாம்பும் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். வளவு வீடென்றால் ஒரு விஷயம்: முற்றம் நாலு குடும்பத்துக்குப் பொது. தெருக்கதவைச் சாத்த மறக்கும் ஒருவர் போதும், போட்ட மெஷ் வீண். அங்கே முற்றத்தை நம்பாமல் உங்கள் பங்கில் ஒரு மூலையை மட்டும் அடைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டைமாடியில் கூண்டு

தனி வீட்டுக்கு இதுதான் சரியான வழி. மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரை ஒட்டிக் கட்டுங்கள். திசைக்குக் காரணம் உண்டு. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து அடிக்கிறது, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் ஆனி, ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. சுவர் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை மட்டும் கிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கு முன்பக்கம் ஒரு தார்ப்பாய் தொங்கவிட்டால் போதும்.

அளவு: நீளம் 6 அடி, அகலம் 3 அடி, உயரம் 6 அடி. மெஷ் ரோல் 3 அடி அகலத்தில் கிடைப்பதால் சட்டத்தையும் 3 அடிக்கு வைத்தால் வெட்டிக் கழிக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவர் ஒரு பக்கம் ஆகிவிடுவதால் 3-க்கு 6 அடிச் சட்டம் ஐந்து போதும்: முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கூரைக்கு ஒன்று.

வாங்க வேண்டியவை:
ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய், 16 கேஜ், 20 அடி நீளத்தில் 7 (சட்டங்களுக்கு ஆறு, கதவுக்கு ஒன்று)
வெல்டு மெஷ், 1 அங்குலக் கண், 14 கேஜ், 3 அடி அகலம், 35 அடி
முக்கால் அங்குலப் பட்டைக் கம்பி
10 மி.மீ. ஆங்கர் போல்ட் 6
கீல் 3, தாழ்ப்பாள் 2
ரெட் ஆக்ஸைடு, எனாமல் பெயிண்ட்

ஒவ்வொரு சட்டத்துக்கும் 6 அடித் துண்டு இரண்டு, 3 அடித் துண்டு மூன்று. மூன்றாவது 3 அடித் துண்டு நடுவில் குறுக்குக் கம்பி. அது இல்லாவிட்டால் ஆறடி மெஷ் ஆறு மாதத்தில் தொப்பை போட்டுவிடும். குழாயில் காசு மிச்சம் பிடிக்க 18 கேஜுக்கு இறங்காதீர்கள் (கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு), வெல்டு வைக்கும்போதே ஓட்டை விழும். கோழிக்கூண்டுக்குப் போடும் அறுகோணக் கம்பிவலை வேண்டவே வேண்டாம். நாய் இரண்டு முறை பாய்ந்தால் முறுக்கு பிரிந்துவிடும்.

மெஷ்ஷை நேரடியாகக் குழாயில் வெல்டு வைக்கச் சொன்னால் கம்பி கருகி அறுந்துபோகும். மெஷ்ஷின் ஓரத்தைக் குழாய்க்கும் பட்டைக் கம்பிக்கும் நடுவில் வைத்து, பட்டையைத்தான் வெல்டு வைக்க வேண்டும். பட்டறைக்காரர் "இதெல்லாம் எதுக்கு" என்பார். விடாதீர்கள். வெல்டு பட்ட இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், முதலில் துருப்பிடிப்பதும் அங்கேதான். அந்த இடங்களை உரசிச் சுத்தம் செய்து ரெட் ஆக்ஸைடு இரண்டு கை அடித்து, மேலே எனாமல் அடியுங்கள். பிறகு பழந்துணியைச் சட்டமெங்கும் இழுத்துப் பாருங்கள், துணி மாட்டுகிற இடத்தில் பூனையின் நகமும் மாட்டும். பெயிண்ட் வாடை போக ஒரு வாரமாவது விட்டுத்தான் பூனையை உள்ளே விட வேண்டும்.

நிறுத்துவதில் பலர் செய்யும் பெரிய பிழை, தளத்தில் துளை போடுவது. தளத்தில் பதித்த தட்டோடு உடைந்து, அடுத்த மழையில் கீழே படுக்கையறைக் கூரையில் ஈரம் இறங்கும். தளத்தைத் தொடாதீர்கள். இரண்டு பக்கச் சட்டங்களையும் பக்கத்துக்கு மூன்று ஆங்கர் போல்ட் வீதம் படியறைச் சுவரில் பிடியுங்கள். முன்பக்கக் கீழ்க்குழாயின் மேல் நாலு சாலிட் பிளாக் கல்லை வரிசையாக வைத்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். குழாய்க்கு அடியில் அரை அங்குல ரப்பர்த் துண்டுகள் வைத்தால் மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடும். அந்த இடைவெளி ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

கதவு உள்நோக்கித் திறக்கட்டும். வெளிநோக்கித் திறந்தால், நீங்கள் கைப்பிடியைத் தொடும்போதே பூனை முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பாபநாசம், குற்றாலம், களக்காடு போன்ற மலையடிவார ஊர்களில் குரங்குக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டல்ல. பூட்டுப் போடுங்கள். அங்கே மெஷ்ஷையும் அரை அங்குலக் கண்ணாக எடுங்கள். சோற்றுத் தட்டைக் கூண்டில் வைக்காதீர்கள், குரங்கைக் கூப்பிடுவதே அதுதான்.

கூரையில் பாதிக்குத் தகரம், பாதி வெறும் மெஷ். வெறும் தகரத்தின் கீழே சித்திரை, வைகாசியில் பூனை வெந்துபோகும், அதனால் தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்பிக் கட்டுங்கள். தகரத்தை ஆணியில் நிறுத்தாமல் கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆடிக் காற்று ஓரத்தில் விரல் நுழைத்தால் தகரம் அடுத்த தெருவில் கிடக்கும்.

உள்ளே பலகை ஒன்றரை அடி, மூன்று அடி, நாலரை அடி உயரத்தில் மூன்று, அகலம் ஒரு அடி. நாலரைக்கு மேல் போனால் கூரை தலையில் இடிக்கும். பிளைவுட் மழையில் ஊதிப்போகும். பழைய கதவுப் பலகையோ பனஞ்சட்டமோ தேடிப் பிடியுங்கள், மேலே சாக்கை இழுத்துக் கட்டுங்கள். நகம் கீற ஒரு கம்பம் வேண்டும். மூன்று அங்குல விட்டமுள்ள கட்டையில் 8 மி.மீ. தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்ற, ஒரு அடி உயரத்துக்கு முப்பத்து மூன்று அடிக் கயிறு பிடிக்கும். இதைக் கணக்குப் பண்ணாமல் கடைக்குப் போனால் இரண்டாம் முறை போக வேண்டி வரும்.

வீட்டுக்கும் கூண்டுக்கும் வழி படியறைச் சன்னல்தான். ஏழு அங்குலச் சதுரம் வேண்டும். கம்பி குறுக்கே வந்தால் ஒரு கம்பியை மட்டும் அறுத்து, சுற்றிச் சட்டம் வைத்து வெல்டு செய்யுங்கள். நாலங்குல இடைவெளியே போதும் என்று விட்டால், கொழுத்த பூனை ஒருநாள் வயிற்றோடு மாட்டிக்கொள்ளும். தொங்கும் மறைப்புக்கு, ஏசி போட்ட கடைகளின் வாசலில் தொங்குகிற கண்ணாடி பிளாஸ்டிக் பட்டையில் ஒரு துண்டு போதும். அதன் பின்னால் இரவில் அடைக்க ஒரு நழுவு பலகை. இருட்டியதும் பூனை வீட்டுக்குள், பலகை கீழே: இதில் தளர்வு வேண்டாம்.

பழக்குவது

மறைப்பை நாலைந்து நாள் மேலே தூக்கி ஒட்டிவையுங்கள், பிறகு பாதி இறக்குங்கள், பிறகு முழுதும். பிடித்துத் தள்ளினால் அந்த வழியே அதற்குப் பகையாகிவிடும். சோறு போடும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் கூண்டில் விட்டு, தட்டைத் தட்டிக் கூப்பிட்டு உள்ளே வரவையுங்கள். எப்போதும் அதே தட்டு, அதே சத்தம். இந்தப் பழக்கம் பின்னால் ஒருநாள் பெரிய உதவியாகும்.

வெயில் காலத்தில் காலை எட்டு மணி வரை, மாலை ஐந்தரைக்கு மேல்தான். தளத்தில் உங்கள் புறங்கையை வைத்து ஐந்து எண்ண முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து இளைத்தால் அது சூடு ஏறிய அடையாளம். நிழலுக்குக் கொண்டுவந்து ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் புறப்படுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தொட்டிச் செடி

பூசைக்கு வளர்க்கிற அரளி, பொன்னரளி, வேலியில் ஏறும் செங்காந்தள் மூன்றும் கொடிய விஷம். கூண்டுக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. கற்றாழையும் ஆகாது. மெல்லுவதற்கு அருகம்புல், கம்பு, நெல் நாற்று ஏதாவது ஒன்றைப் பரந்த தொட்டியில் விதையுங்கள். சோளம் மட்டும் வேண்டாம். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாட்டுக்கு என்ன ஆகும் என்று கரிசல் காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்த இளம்பயிரில் இருக்கும் சயனைடு நஞ்சுதான் காரணம். விளையாட்டுக்குக் குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. வேரோடு பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் அந்த வேரில் முகம் தேய்த்து உருளும். உருண்டு முடித்ததும் செடியை எடுத்துவிடுங்கள்.

தரையில் தோட்டம் உள்ளவர்கள் காம்பவுண்டுச் சுவர் மேல் கம்பிவேலி போடலாம். மொத்த உயரம் ஆறடி, அதற்கு மேல் ஒன்றரை அடி மெஷ் உள்பக்கம் 45 டிகிரி சாய்ந்து நிற்க வேண்டும். சாய்ந்த பகுதி கொஞ்சம் ஆடினால்தான் நல்லது, ஆடுகிற இடத்தில் பூனை பிடிமானம் தேடாது. சுவரோரம் முருங்கை நின்றால் தண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தகரம் அடியுங்கள். இந்த வேலியில் ஒரு கோளாறு உண்டு: உள்ளிருப்பது போகாது, ஆனால் வெளியிலிருந்து கடுவன் குதித்து வந்துவிடும், வந்தது திரும்பிப் போகவும் முடியாது. கிணறு இருந்தால் மூடி போட்ட பிறகுதான் வேலியைப் பற்றியே யோசிக்க வேண்டும். கூண்டு கட்ட இடமிருந்தால் கூண்டே மேல்.

வாடகை மாடி வீட்டில் பால்கனிக்குப் புறாவலை கட்டுவார்கள். நைலான் வெயிலில் நைந்துபோகும், கடித்தாலும் அறுந்துபோகும். கீழே மூன்றடிக்காவது மெஷ் கட்டிவிட்டு மேலே வலை போடுங்கள். கழுத்துப்பட்டையில் கயிறு கட்டிக் கூட்டிப்போவது தூக்குப் போடுவதற்குச் சமம். மார்பைச் சுற்றும் வார் வேண்டும், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில். ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழக்கிய பிறகு, நாய் வராத மாடியில் மட்டும்.

கூண்டுக்கு முன்பே தடுப்பூசி. எட்டு ஒன்பது வாரத்தில் மூன்று நோய்க்கான கூட்டு ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வெறிநோய்த் தடுப்பூசி. ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடை. இது செய்யாத கடுவன் எந்தக் கூண்டிலும் அமைதியாக இருக்காது. திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் பக்கத்தவர்களுக்கு ஒரு வசதி. தெள்ளுப்பூச்சிக்கு நாய்க்கு வாங்கிய மருந்தைத் தடவாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகும்.

ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை, கார்த்திகை மழை விட்டதும் ஒருமுறை எல்லாக் கட்டுக்கம்பியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். துருவேறியது கையோடு வரும்.

அப்படியும் ஒருநாள் தப்பிவிட்டால், தூரத் தெருவுக்கு ஓடாதீர்கள். வீட்டிலேயே வளர்ந்த பூனை பயந்துபோய் பெரும்பாலும் நாலு வீடு தள்ளித்தான் ஒளிந்திருக்கும்: விறகு அடுக்குக்குப் பின்னால், கார் அடியில், மாடிப்படி இடுக்கில். ஊர் அடங்கியதும் டார்ச் எடுத்துத் தரையோடு அடியுங்கள், கண் மினுங்கும். கண்டதும் பாய்ந்து பிடிக்கப் போகாமல், பத்தடி தள்ளி உட்கார்ந்து அந்தத் தட்டைத் தட்டுங்கள்.