பனியன் கம்பெனியில் பாலியல் புகார் வந்தால் முதல் வாரம் என்ன செய்வது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பர்சனல் ஆபீசராக வேலை பார்க்கிறவள் நான். ஆர்டர் கொடுப்பவர்கள் நடத்தும் சோதனையான பையர் ஆடிட் வருகிறது என்றால் மட்டும், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் ஃபைலைத் தூசி தட்டும் வழக்கம் இங்கே உண்டு. ஃபைல் பக்காவாக இருக்கும். குழுவில் யார் யார் என்று கேட்டால் பவர் டேபிளில், அதாவது தையல் மிஷினில், இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது.

பத்துப் பேர் வேலை செய்தாலே, வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு கட்டாயம். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். தலைமைக்கு மூத்த பொறுப்பில் உள்ள ஒரு பெண், மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அந்த வெளியாள் முதலாளிக்கு வேண்டப்பட்டவராக இருக்கவே கூடாது. பெயர்களைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, சாப்பிடும் இடத்தில் ஒட்டுங்கள்.

புகார் எழுதி வாங்கும் இடத்தில்தான் பாதிக் கேஸ் கெட்டுப்போகிறது. செக்கிங்கிலோ, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகவோ இருக்கும் பெண்ணுக்கு எழுத வராது என்றால், எழுத உதவுவது குழுவின் கடமை. சட்டமே அப்படிச் சொல்கிறது. தனி அறையில் உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள், “நடந்ததை நடந்தபடியே சொல்லும்மா, அவசரமில்லை” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். “தவறாக நடந்துகொண்டார்” என்று நாசூக்காக எழுதிவிடாதீர்கள். எங்கே கை வைத்தான், என்ன வார்த்தை சொன்னான், பக்கத்து மிஷினில் யார் இருந்தார்கள், எல்லாம் அவள் வாயில் வந்தபடியே இருக்கட்டும். தேதி அவளுக்கு நினைவிருக்காது. “சம்பளம் போட்ட சனிக்கிழமை, நைட்டுக்கு நிற்கச் சொன்னாங்க” என்பாள். ஓவர்டைம் ரிஜிஸ்டரைப் புரட்டினால் தேதி கிடைத்துவிடும். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் வர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம்.

அடுத்த நாளே அவள், தான் புகார் சொன்ன அதே சூப்பர்வைசரிடம்தான் பீஸ் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றால் எந்த விசாரணையும் உருப்படாது. அவள் எழுதிக் கேட்டால் அவனை வேறு லைனுக்கு மாற்றவோ, அவள் வேலையைப் பற்றி அவன் ரிப்போர்ட் எழுதாமல் தடுக்கவோ, அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கவோ குழு பரிந்துரைக்கலாம். கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். அவளையே வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிடுவது பல கம்பெனிகளில் நடக்கிறது. அவள் கேட்காமல் அதைச் செய்வது அவளுக்குத் தண்டனை. எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

எதிர்த்தரப்புக்கு ஏழு வேலை நாளுக்குள் புகாரின் நகல் போக வேண்டும். அவனுடைய பதிலும் சாட்சிகளும் அதே கவனத்தோடு கேட்கப்பட வேண்டும். வக்கீல் யாருக்கும் கிடையாது. விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். பெயர் எதுவும் வெளியே கசியக் கூடாது, டீ டைமில் கூட. “ஏதாவது கொடுத்து முடிச்சிடலாம்” என்று மேனேஜர் வந்தால் சட்டத்தைக் காட்டுங்கள்: சமரசம் அவள் கேட்டால் மட்டுமே, பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகப் பொய்ப் புகார் என்று அவள்மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது.

புகார் முதலாளி மேலேயே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான யூனிட் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போக வேண்டும். வழி தெரியாதவர்கள் 181 மகளிர் உதவி எண்ணில் கேட்கலாம். அந்த எண்ணையும் நோட்டீஸில் பெரிதாக எழுதுங்கள்.