சிறிய ஏர் ரைஃபிளிடம் பெரிய ரைஃபிளின் வேலையைக் கேட்கும் தவறுகள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மெல்ரிஷ்டாட் என்னும் சிற்றூரில் உள்ள வைராவ்க் நிறுவனம் தயாரிக்கும் எச்டபிள்யூ 30 எஸ் என்ற ஏர் ரைஃபிளின் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பீச் மரக் கட்டை, நீலச்சாயல் படிந்த கரிய எஃகுக் குழல், குழலை மடக்கினால் உள்ளே இறுகும் ஒரு சுருள்வில், இவ்வளவுதான் அதன் உடம்பு. அதே நாட்டின் ராஷ்டாட் நகரத்தில் பல பதிற்றாண்டுகள் உருவான டயானா 27, பிரிட்டனில் பிஎஸ்ஏ நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த மீட்டியர் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. பழமையின் மீதுள்ள ஏக்கத்தால்தான் மக்கள் இவற்றை நாடுகிறார்கள் என்று நான் கருதவில்லை. குழலை மடக்க அதிக வலு தேவைப்படுவதில்லை, ஒரு மணி நேரம் சுட்டாலும் தோள் சோர்வதில்லை, பத்து முதல் இருபத்தைந்து மீட்டர் தொலைவில் வைத்த காகித இலக்கில் பெல்லட் என்னும் சிறு குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இந்த எளிமையைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவோர், ஒரு பெரிய ரைஃபிள் செய்ய வேண்டிய வேலையை இதனிடம் கேட்கிறார்கள்; நான் பார்த்த பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதல் தவறு, பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து விலை பேசுவது. விநாடிக்கு 1,000 அடி, 1,200 அடி என்று பெரிய எழுத்தில் காணப்படும் எண்கள் பெரும்பாலும் ஈயமல்லாத, மிக இலகுவான பெல்லட்டுகளைக் கொண்டு அளந்தவை. வழக்கமான ஈயப் பெல்லட்டைப் போட்டால் அந்த வேகம் கிடைக்காது. கிடைத்தாலும் அதனால் நன்மையில்லை, ஏனெனில் இடை சிறுத்துப் பின்புறம் பாவாடைபோல் விரியும் பெல்லட், ஒலியின் வேகத்தை நெருங்கும்போது நிலைதடுமாறுகிறது. எச்டபிள்யூ 30 போன்ற ஒரு ரைஃபிள் அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லட்டை விநாடிக்கு 190 மீட்டர் அளவில் அனுப்புகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 10 ஜூல். காகித இலக்குக்கும் தகர டப்பாவுக்கும் அது தாராளம். அதே சிறிய ரைஃபிளை 5.5 மில்லிமீட்டரில் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எடை கூடிய பெல்லட் மெதுவாகச் செல்வதால் அதன் பாதை எறிந்த கல்லைப்போல் வளைந்து, தொலைவைக் கணிப்பதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடும்.

ஆற்றலின் அளவு சட்டத்தோடும் தொடர்புடையது. பிரிட்டனில் 12 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 16 ஜூலுக்கு, மேற்பட்ட ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதற்குக் குறைவானவற்றுக்கும் சான்றிதழ் கட்டாயம். ஜெர்மனியில் உரிமமின்றி விற்கப்படுபவை 7.5 ஜூலுக்குள் அடங்கி, ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்தைத் தாங்கியிருக்கும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் 20 ஜூல் ஆற்றலையும் 4.5 மில்லிமீட்டர் குழல் விட்டத்தையும் எல்லையாக வைத்திருக்கின்றன. ஆகவே, உள்ளே கடினமான சுருள்வில் ஒன்றைப் போட்டு ஆற்றலைக் கூட்டுபவர், தம்மையறியாமலே சட்டத்தின் எல்லையைத் தாண்டிவிடக் கூடும்.

சட்டம் ஒருபுறமிருக்க, அந்த மாற்றம் ரைஃபிளின் இயல்பையே கெடுத்துவிடுகிறது. விசையை அழுத்தியதும், சுருள்வில் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாய, ரைஃபிள் பின்னே நகர்கிறது. முடிவில் அழுந்திய காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்த, ரைஃபிள் முன்னே உதைக்கிறது. பெல்லட் குழலைவிட்டு வெளியேறுவதற்கு முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நான்கு கிலோ எடையுள்ள ரைஃபிள் தன் எடையாலேயே அதை ஓரளவு அடக்கிக்கொள்ளும், இரண்டரைக் கிலோ ரைஃபிளால் அது இயலாது. எடை குறைந்த உடம்புக்குள் மென்மையான சுருள்வில்லைத் தயாரிப்பாளர் வைத்தது கஞ்சத்தனத்தால் அன்று.

பிடிப்பதில் நேரும் தவறும் இதே காரணத்தால்தான் வருகிறது. இராணுவத் துப்பாக்கியைப்போல் தோளோடு இறுக்கி, முன்னால் உள்ள கையால் கட்டையை நெரித்துப் பிடித்தால், ஒவ்வொரு முறையும் இறுக்கம் சற்றே மாறும். குண்டு விழும் இடமும் மாறும். முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் வெறுமனே கிடத்தி, தோளில் மெதுவாகச் சாய்த்து, ரைஃபிள் தன் விருப்பப்படி அசைய விடுவதே முறை. மேசை விளிம்பு போன்ற கடினமான பரப்பில் நேரடியாக வைத்துச் சுட்டால் அது துள்ளும்; இடையே கையையோ மென்மையான பையையோ வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கற்பவர் ரைஃபிளைக் குறைகூறும் வேளைகளில் பாதிக்குமேல் பிடியில்தான் பிழை இருக்கிறது.

ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்துவதை நான் முற்றாக மறுக்கவில்லை, ஆனால் முக்கால் கிலோ எடையுள்ள நீண்ட ஸ்கோப்பை இதன் தலையில் ஏற்றினால், எந்த இலகுவுக்காக வாங்கினோமோ அது போய்விடுகிறது. சாதாரணத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்குத் தெளிவு அமைக்கப்பட்டவை என்பதால் பதினைந்து மீட்டரில் இலக்கு மங்கலாகத் தெரியும்; முன்னும் பின்னும் வரும் உதைக்கெனக் கட்டப்படாதவை உள்ளே உடைந்தும் போகும். எச்டபிள்யூ 30 எஸ்ஸின் குழல் நுனியில் குறிபார்ப்பதற்காக உள்ள கூண்டில் வளையம், கம்பம் எனச் செருகுகளை மாற்றிப் பொருத்தலாம். வட்ட இலக்குக்கு வளையச் செருகைப் போட்டு ஒரு மாதம் பழகிப் பார்த்த பிறகே ஸ்கோப்பைப் பற்றி யோசிக்கலாம்.

இனி, காயம் உண்டாக்கும் தவறு. மடக்கிய குழலைக் கையால் பிடிக்காமல் பெல்லட் போடுவதும், குழல் திறந்திருக்கையில் விசையைத் தொடுவதும் மிகவும் ஆபத்தானவை. சுருள்வில் விடுபட்டால் குழல் மேல்நோக்கிச் சீறி வரும். விரல் நசுங்கும், குழல் வளையும், கட்டை பிளக்கும். எச்டபிள்யூ 30 எஸ்ஸில் குழலை மடக்கும்போதே பாதுகாப்புக் குமிழ் தானாக விழுகிறது. டயானா 27-இல் அப்படியொரு குமிழே கிடையாது. குமிழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு கை குழலை விடாமல் பிடித்திருக்க மறு கை பெல்லட்டை வைக்கும் பழக்கம் முதல் நாளிலேயே படிய வேண்டும். பழைமைத் தோற்றமும் சிறிய உருவமும் இது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணத்தைச் சிறுவர்களிடமும், வருத்தத்துக்குரிய வகையில் பெற்றோரிடமும் உண்டாக்குகின்றன. பத்து ஜூல் ஆற்றல் கண்ணைப் பறிக்கப் போதுமானது. ஆகையால் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும், இலக்குக்குப் பின்னால் மண்ணோ பெல்லட்டை விழுங்கும் பொறியோ வைப்பதையும் தவிர்க்கக் கூடாது. கல்சுவரிலும் தட்டையான இரும்பிலும் பட்ட பெல்லட் சுட்டவரை நோக்கியே திரும்பலாம். சுட்டு முடித்ததும் கையைக் கழுவ வேண்டும், ஏனெனில் பெல்லட் ஈயம்.

பராமரிப்பில் குறைவாகச் செய்பவரைவிட அதிகமாகச் செய்பவரே சேதம் விளைவிக்கிறார். காற்றுத் துளை வழியாகச் சாதாரண எந்திர எண்ணெயை ஊற்றினால், பிஸ்டன் அழுத்தும் காற்றின் வெப்பத்தில் அது எரிந்து, டீசல் எந்திரத்தில்போல் வெடிக்கிறது. புகையும் பெருஞ்சத்தமும் வரும், காற்றுக் கசியாமல் அடைக்கும் பிஸ்டனின் முத்திரை கெடும், சுருள்வில்லும் முறியக்கூடும். பெல்லட் இல்லாமல் சுடுவதும் அதே அளவுக்குத் தீங்கானது, ஏனெனில் பிஸ்டனைத் தாங்க வேண்டிய காற்று மெத்தை தடையின்றி வெளியேறிவிட, இரும்பு இரும்போடு மோதுகிறது. பெல்லட்டைச் சுழற்றிவிடும் உள்வரிப்பள்ளம் கொண்ட குழலில் எஃகுக் குண்டுகளைப் போடக் கூடாது. மடக்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் விட்டுவைத்தால் சுருள்வில் தளரும்.

பழைய டயானாவையோ மீட்டியரையோ வாங்குபவர் மெருகைப் பார்த்து மயங்குகிறார். மெருகு போயிருப்பது குறையே அன்று. குழல் நேராக இருக்கிறதா, மூடியபின் அசைகிறதா, கட்டையின் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா, விசை தானாக நழுவுகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. பிஸ்டனில் தோல் முத்திரை இருந்த பழைய ரைஃபிள்கள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தால் தோல் காய்ந்து வலுவிழந்து சுடும். அதைக் கண்டு உடனே சுருள்வில்லை மாற்றிவிடுகிறார்கள். தோலுக்கு ஏற்ற எண்ணெயைச் சில துளிகள் விட்டு ஓர் இரவு ஊற வைத்தாலே பல ரைஃபிள்கள் மறுநாள் தம் பழைய வலுவோடு சுடுகின்றன.