புலமைப்பரிசில் பரீட்சை: பெற்றோரும் ஆசிரியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு அண்மைய ஆண்டுகளில் 3 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறத்தாழ 50,000 பேர் மட்டுமே. எஞ்சியவர்களைச் 'சித்தியடையாதவர்கள்' என்று அழைப்பதே நாம் செய்யும் தவறுகளில் மிகப் பெரியது. வெட்டுப்புள்ளி தெரிவுக்காக இடப்படும் எல்லை. அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். ஒரு மாவட்டத்தில் தெரிவான பிள்ளையின் அதே புள்ளி இன்னொரு மாவட்டத்தில் போதாமற் போகலாம் எனும்போது, அந்த எல்லையைக் கொண்டு பத்து வயதுப் பிள்ளையின் அறிவை அளந்துவிட்டதாக நினைப்பது எவ்வளவு பெரிய அநீதி!

சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த 1940களில், இலவசக் கல்வியோடு மத்திய கல்லூரிகளும் பரவியபோது, வசதியற்ற கிராமத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிப்பதற்கு வழி திறக்கவே இத்தகைய தெரிவு கொண்டுவரப்பட்டது. இன்றும் உதவிப்பணம் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுகிறது. ஆனால் நடைமுறையில் இது பிரபல பாடசாலைகளுக்குள் நுழைவதற்கான போட்டியாகவே மாறிவிட்டது. அப்பாடசாலைகளுக்குரிய அனுமதிப் புள்ளிகள் தனியாக வெளியிடப்படுவதால், மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியதுமே விரும்பிய பாடசாலை கிடைத்துவிடும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதும் தவறு.

தரம் 3 இலேயே தனியார் வகுப்புகளைத் தொடங்கிவிடுவது அடுத்த தவறு. ஆரம்பக் கல்வி ஒவ்வொரு கட்டத்துக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்து வைத்திருக்கிறது. வாசித்துப் பொருள் உணர்தல், தன் சொற்களில் எழுதுதல், எண்களின் இடப்பெறுமானத்தை விளங்கிக்கொள்ளல் போன்றவை வேரூன்றுவதற்கு முன்பே விடைகளைத் தெரிவு செய்யும் பயிற்சிக்குப் பிள்ளையைத் தள்ளினால், தரம் 6 இல் பாடங்கள் விரியும்போது அதே பிள்ளை தடுமாறும்.

மாதிரி வினாத்தாள்களைப் பயன்படுத்தும் முறையில்தான் அதிகம் இழக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து. வாரத்துக்கு எத்தனை தாள்கள் செய்தாய், எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்பவர்கள், பிழைத்த விடையைப் பிள்ளையோடு அமர்ந்து பார்ப்பதில்லை. 402 இலிருந்து 178 ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 376 என்று எழுதுகிறது. இன்னொரு பிள்ளை 234 என்று எழுதுகிறது. சரியான விடை 224 என்பதால் இருவருக்கும் புள்ளி இல்லை. ஆனால் முதற் பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. அதற்குக் கடன் வாங்கிக் கழிப்பதே விளங்கவில்லை, எனவே குச்சிக்கட்டுகளையும் தனிக்குச்சிகளையும் கையில் கொடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டாம் பிள்ளைக்கு முறை தெரியும். பத்துகளிலிருந்து ஒன்றைக் கடன் கொடுத்ததைக் குறைக்க மறந்துவிட்டது, அதற்குச் சரிபார்க்கும் பழக்கம் போதும். பிள்ளை எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டுவதே பரீட்சையால் கல்விக்குக் கிடைக்கும் தலையாய பயன். சிவப்பு மையால் குறுக்குக் கோடிட்டு, இன்னும் பத்துத் தாள்களைக் கொடுத்தால், முதற் பிள்ளை தன் பிழையையே பத்துமுறை பயிலும்.

பரீட்சைக்கு முந்திய நாட்களில் வகுப்புகளும் கருத்தரங்குகளும் நடத்துவதைப் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை செய்கிறது. அந்தத் தடையை வீட்டுக்குள் மீறி, இரவிரவாகக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்விப்பதால் பிள்ளையின் தூக்கம்தான் கெடும்.

பெறுபேறு வந்ததும் தெரிவான பிள்ளைகளின் படங்களை மட்டும் மதிலில் பதாகையாகக் கட்டும் பாடசாலைகள், அதே வாயிலால் மறுநாளும் உள்ளே வரவேண்டிய மற்றப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். உறவினர் தொலைபேசியில் புள்ளி கேட்டால், பிள்ளையின் முன்னிலையில் அதைச் சொல்லாமல் விடுவதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இப்பரீட்சையில் எடுத்த புள்ளி க.பொ.த. சாதாரண தரத்துக்கோ உயர்தரத்துக்கோ கொண்டுசெல்லப்படுவதில்லை என்பதையும் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

தெரிவான பிள்ளையின் வீட்டிலும் ஒரு தவறு நிகழ்கிறது. தூரத்துப் பிரபல பாடசாலையின் பெயருக்காக, நாளாந்தம் பேருந்தில் கழியப்போகும் மணித்தியாலங்களையோ, விடுதியில் பிரிந்திருக்கும் ஏக்கத்தையோ கணக்கில் எடுக்காமலே விண்ணப்பித்துவிடுகின்றனர். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்பு அந்தப் பாடசாலைக்குப் பிள்ளையை ஒருமுறை அழைத்துச் சென்று, காலையில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும் என்பதைக் காட்டி, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.