போகாத பினாங்குக்கு ஒரு வரவு செலவு

2025 ஜனவரி 18, சனிக்கிழமை சாயங்காலம். தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பகுதியில், துடைத்து ஈரம் காயாத ஆத்தங்குடிக் கல் தரையில் என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் சில்லில் விரிசல். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று காரைக்குடி எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். பிப்ரவரி 8-ஆம் தேதி நாங்கள் பினாங்குக்கு விமானம் ஏறுவதாக இருந்தது. அந்த ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 11. வெள்ளித் தேர் அங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. என் தங்கை குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு சுற்றுலாத் தொகுப்பை வாங்கியிருந்தோம்.

எங்கள் இருவருக்கும் கட்டியது 1,71,990 ரூபாய். திரும்பி வந்தது 1,23,690. வராமல் போன 48,300 எங்கே போனது என்பதும் எனக்குத் தெரியும். நான் முப்பத்திரண்டு வருடம் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்தியவள். அதனால் இந்தக் கட்டுரையில் கரும்பலகை வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதி. விழுந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையில் உள்ள அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் பையனைக் கைப்பேசியில் அழைத்தேன். தங்கமான பையன். "அடடா ஆச்சி, ஐயாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, "மேனேஜர் ஊரில் இல்லை. அடுத்த சனிக்கிழமை நேரில் வாருங்கள், பேசி முடித்துவிடலாம்" என்றான். சரி தம்பி என்று வைத்துவிட்டேன். பிறகுதான் முன்பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். புறப்பாட்டுக்கு 30 நாளுக்கு முன் ரத்து செய்தால் கால் பங்கு பிடித்தம். 15 நாள் முதல் 30 நாள் வரை என்றால் பாதி. 15 நாளுக்குள் என்றால் ஒன்றும் கிடையாது. அன்று ஜனவரி 19, புறப்பாட்டுக்கு 20 நாள் இருந்தது. அவன் வரச் சொன்ன சனிக்கிழமை ஜனவரி 25, அன்று மீதி 14 நாள்தான். ஒரே ஒரு நாளில் பாதிப் பணம் முழுப் பணமாக முழுகியிருக்கும். பையன் வேண்டுமென்றே சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று நான் ஆராயப் போகவில்லை.

ஆகவே, ரத்து செய்வதென்று மனத்தில் முடிவானதும் தொலைபேசியை நம்பாதீர்கள். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்ததும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று கையில் இல்லையென்றாலும் காத்திருக்க வேண்டாம், பின்னால் அனுப்பலாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"பிப்ரவரி 8 புறப்படும் மலேசியச் சுற்றுலாவில் எங்கள் இருவருடைய பதிவை இன்று, 19.1.2025 அன்று, ரத்து செய்கிறோம். காரணம்: என் கணவரின் முழங்கால் எலும்பு முறிவு. எங்கள் பெயரில் இன்றுவரை நீங்கள் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள் என்பதையும், அதில் எவ்வளவு உங்களுக்குத் திரும்பி வரும் என்பதையும் ரசீதுகளுடன் இனம் பிரித்துத் தர வேண்டுகிறேன். எங்கள் விமான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணையும் அனுப்புங்கள். மீதித் தொகையை நாங்கள் பணம் கட்டிய கணக்குகளிலேயே திருப்பிச் செலுத்தவும்."

கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. "எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்ற கேள்வியும் இல்லை. அதைக் கேட்டால் அவர்கள் ஒரு தொகையைச் சொல்வார்கள், பிறகு பேரம்தான் நடக்கும். கணக்கைக் கேட்டால் அவர்கள் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும்.

இது அப்பச்சியிடம் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) படித்த பாடம். பர்மாவில் செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாள் வரை உயர்ந்து, 1942-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர் அவர். வீட்டில் பூச்சு வேலை நடந்து, கொத்தனார் "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று நின்றால், சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்காமல் பெட்டியைத் திறக்க மாட்டார்.

நான்காம் நாள் பதில் வந்தது. வரிகள் நீங்கலாகத் தொகுப்பின் விலை 1,56,000. அதில் ரத்துக் கட்டணம் பாதி, 78,000. "திரும்பப் பெற முடியாத விமான டிக்கெட்" 44,000. "விசா மற்றும் ஆவணச் செலவு" 8,000. ஆக மீதி 26,000. அதுவும் பணமாக இல்லை, ஒரு வருடத்துக்குள் அவர்களிடமே வேறு பயணம் போவதற்கான கடன் சீட்டாக. வரிகள் திரும்பாது.

இந்த நாலு வரியை பிளஸ் டூ மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன். தொகுப்பின் விலையில் விமான டிக்கெட்டும் அடக்கம். மொத்தத்தில் பாதியைப் பிடித்துவிட்டு, அதே டிக்கெட்டை இன்னொரு முறை தனியாகப் பிடித்தால், ஒரே செலவு இரண்டு முறை பற்று எழுதப்படுகிறது. உங்களுக்கு வரும் பதிலிலும் இதைத்தான் முதலில் தேடுங்கள்.

அடுத்தது விசா. இந்தியப் பயணிகளுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதி கொடுத்துவருகிறது. போவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டைக்கும் கட்டணம் இல்லை. வாங்காத விசாவுக்கு 8,000 ரூபாயா? "விசா கட்டிய ரசீதை அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த மின்னஞ்சலில் அந்த இனமே காணாமல் போயிருந்தது. நீங்கள் போகவிருந்த நாட்டுக்கு விசா உண்டா, கட்டணம் எவ்வளவு என்பதை அந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

விமான டிக்கெட் கொஞ்சம் சிக்கல். பிஎன்ஆர் எண்ணை வாங்கி விமான நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். டிக்கெட் உண்மையிலேயே எடுக்கப்பட்டிருக்கிறதா, வெறுமனே பிடித்து வைத்திருக்கிறார்களா என்பது அங்கே தெரிந்துவிடும். எடுத்திருந்தால் உடனே ரத்து செய்யச் சொல்லுங்கள்; விமானம் புறப்பட்ட பிறகு வருகிற ரத்துக்கு மதிப்புக் குறைவு. "திரும்பப் பெற முடியாது" என்ற வகை டிக்கெட்டாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனாளர் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி சொல்கிறது. ஏஜெண்டு மூலம் வாங்கிய டிக்கெட்டானாலும் அந்தப் பணத்துக்கு விமான நிறுவனமே பொறுப்பு. எங்களுடையது சென்னையிலிருந்து போகும் இந்திய விமானம், ஆகவே விதி நேராகப் பொருந்தியது. வெளிநாட்டு விமானம் என்றால் அவர்கள் நாட்டு விதியையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு 44,000-இல் 9,400 வந்தது. 34,600 போயிற்று. அது நியாயமான நஷ்டம், அதற்காக நான் சண்டை போடவில்லை.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். "பயண ரத்து" என்ற இனம் அதில் இருந்தால் நிறுவனத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அங்கே விண்ணப்பிப்பது சுலபம். மருத்துவச் சான்றில் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயணம் செய்யத் தகுதியில்லை" என்ற வாசகம் இருக்கட்டும். எலும்பு முறிவு என்று மட்டும் எழுதி வாங்கினால் திரும்ப ஒரு நடை போக வேண்டிவரும். எங்கள் பத்திரத்தில் அந்த இனம் இல்லை. 1,400 ரூபாய் பிரீமியம் போனதுதான்.

ஓட்டல், பஸ், சாப்பாடு ஆகியவற்றில்தான் பெரிய தொகை ஒளிந்திருந்தது. "குழுவாக எடுத்த அறைகள், திருப்ப முடியாது" என்று அவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி பினாங்கிலிருந்து தங்கை பேசினாள். "ஆச்சி, உங்கள் இரண்டு சீட்டிலும் புதுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். கடைசி வாரத்தில்தான் பணம் கட்டினார்களாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் இடத்தை விற்றாகிவிட்டது. எங்கள் அறையில் அவர்கள் தூங்குகிறார்கள். அதே அறைக்கு எங்களிடமும் பிடித்தம். அந்தத் தம்பதியைப் படமெடுத்து அனுப்பட்டுமா என்று தங்கை கேட்டாள், வேண்டாம் என்றேன். யாரோ நிம்மதியாகச் சாமி கும்பிட வந்தவர்கள். நிறுவனத்துக்கு ஒரே கேள்வி மட்டும் எழுதினேன்: "எங்கள் இரண்டு இடங்களும் வேறு பயணிகளுக்குக் கொடுக்கப்பட்டனவா, ஆம் அல்லது இல்லை?" பதில் இல்லை. பதில் வராததையும் தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன். குழுச் சுற்றுலாவை ரத்து செய்தவர்கள், முடிந்தால் அதே குழுவில் போகிற ஒருவரிடம் இதை விசாரித்து வையுங்கள்.

இடையில் 1915-க்கும் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழில் பேசலாம். புகாரைப் பதிந்து ஓர் எண் தருவார்கள், நிறுவனத்துக்கும் அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அதுவரை பையனோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு முதன்முறையாக மேனேஜர் தாமே அழைத்து வணக்கம் சொன்னார்.

வணக்கத்தோடு நின்றதால் பிப்ரவரி 17 அன்று தபாலில் அறிவிப்பு அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. (பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. கவுண்டரில் ஒப்புகையும் வேண்டும் என்று மறக்காமல் கேளுங்கள்.) வக்கீல் வைக்கவில்லை. ஒரு பக்கம்தான். அதில் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். இரண்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(46): ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பதை அது நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. மூன்று, பதினைந்து நாளில் தீரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

அந்த மூன்றாவதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். படிவத்தில் "வழக்குகள் மதுரை நீதிமன்ற எல்லைக்கு மட்டும் உட்பட்டவை" என்று அச்சடித்திருந்தார்கள். 2019 சட்டப்படி புகார்தாரர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நான் தேவகோட்டையில் பஸ் ஏறினால் சிவகங்கை போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவேன்; அவர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரையிலிருந்து வர வேண்டும். ஒரு நுணுக்கம்: ஒப்பந்த வாசகமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கேட்டால் அது மாநில ஆணையத்தின் வேலை. பணத்தைத் திருப்பாதது சேவைக் குறைபாடு என்று கேட்டால் மாவட்டமே போதும்.

அட்டையில் பணம் கட்டியவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. முன்பணம் 50,000-ஐ நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் "நானாகத்தான் ரத்து செய்தேன், பணம் கொடுங்கள்" என்று வெறுமனே போனால் வங்கி அவர்களுடைய விதிமுறையைக் காட்டி முடித்துவிடும். இவ்வளவு தருகிறோம் என்று நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு தராமல் இழுத்தால் அப்போது உங்கள் கை ஓங்கும். வங்கியும் முப்பது நாள் வாய் திறக்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், உதவி எண் 14448. எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

மார்ச் முதல் வாரம் மேனேஜர் மறுபடி அழைத்தார். இந்த முறை அவரே கணக்கு எழுதி வைத்திருந்தார். விமானத்தில் போன 34,600, காப்பீடு 1,400, அவர்களுடைய சேவைக் கட்டணம் 10,000. மொத்தப் பிடித்தம் 46,000. ஓட்டல், பஸ் பற்றிப் பேச்சே இல்லை. சேவைக் கட்டணம் அதிகம் என்று தங்கை சொன்னாள். இரண்டு மாதம் வேலை செய்த பையனுக்கும் சம்பளம் உண்டல்லவா என்று விட்டுவிட்டேன். ஆக, தொகுப்பு விலையில் 1,10,000 திரும்ப வேண்டும். அதற்குரிய ஜிஎஸ்டி 5 சதவீதம், 5,500 ரூபாயும் சேர்ந்து வர வேண்டும் என்பதை நான்தான் நினைவூட்டினேன். பிடித்த 46,000-க்குரிய வரி 2,300 மட்டும் போனது போனதுதான். வரி திரும்பாது என்று முதலில் எழுதினார்கள் அல்லவா? நடக்காத சேவைக்கு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) போட்டு அவர்கள் வரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். கேட்காவிட்டால் அந்த 5,500 அப்படியே மறந்துபோகும்.

கடன் சீட்டை வாங்காதீர்கள். பணமாகக் கட்டியது பணமாகத்தான் வர வேண்டும். "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்று கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் அனுப்புவார்கள். எனக்கும் வந்தது, பணத்துக்கு முன்பே. மார்ச் 12 அன்று 1,15,500 இரண்டு கணக்கிலும் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மிச்சம் 8,190. அது டிசிஎஸ். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும்போது வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடிக்கிற தொகை. எங்கள் காலத்தில் 7 லட்சம் வரை 5 சதவீதம். விகிதத்தை அரசு மாற்றிக்கொண்டே இருக்கிறது, உங்கள் பில்லில் உள்ளதைப் பாருங்கள். ஒரு மாதத்தில் பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் நிறுவனம் அரசுக்குக் கட்டிவிட வேண்டும். நாங்கள் டிசம்பரில் பணம் கொடுத்ததால், ரத்து செய்தபோது அது டெல்லிக்குப் போயாகிவிட்டது. யாருடைய பான் எண்ணில் கட்டியிருக்கிறார்கள் என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம் (எங்கள் காலத்தில் 26ஏஎஸ் படிவம்). எங்களுடையது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவருக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, அதனால் பல வருடமாகக் கணக்கே தாக்கல் செய்வதில்லை. இந்த 8,190-க்காகவே அந்த ஆண்டு தாக்கல் செய்தோம். செய்யாவிட்டால் அது தானாக வராது.

காலை நீட்டி முகப்பில் உட்கார்ந்தபடி அவர் கைப்பேசியில் ஓடிபி எண்ணை வாசித்தார், நான் தட்டினேன். ஆகஸ்டில் பணம் வந்தது.