சென்னையில் எச்.ஐ.வி. டெஸ்ட்: எங்கே போவது, அப்புறம் என்ன செய்வது

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அப்போது இங்கே கொடுக்க மருந்தே இல்லை. 2004இல் தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் இலவச கூட்டு மருந்து வந்தது, இன்று தினம் ஒரே மாத்திரைதான். தமிழ்நாட்டில் பாதிப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனாலேயே 'இப்போ யாருக்கு வருது' என்று பலர் டெஸ்டையே தள்ளிப்போட்டு, காசநோய் வந்து படுத்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்.

அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டைத் தேடுங்கள். காசு கிடையாது. முதலில் ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்கிய பிறகுதான் கையில் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரிந்துவிடும். முதல் டெஸ்டில் பாசிட்டிவ் என்று காட்டினால் உடனே இடிந்துபோகாதீர்கள், வேறு வேறு கிட்டில் மொத்தம் மூன்று முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். நெகட்டிவ் என்றாலும், தொற்றியிருக்குமோ என்று நீங்கள் பயப்படும் சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆகவில்லையென்றால் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும், இதை ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சம்பவம் நேற்றோ முந்தாநாளோ என்றால் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்காமல் பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பாசிட்டிவ் என்று உறுதியானால், என்னைக் கேட்டால், அந்த முதல் வாரம்தான் ரொம்ப முக்கியம். ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் யாரிடமும் பேசாமல் இருப்பவர்கள்தான் சிகிச்சைக்கு வராமலே போய்விடுகிறார்கள். அன்றே எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி வாங்குங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கூட யாராவது வர முடியுமா என்று ஆலோசகரிடமே கேளுங்கள். சிடி4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருந்த காலமெல்லாம் போய்விட்டது, 2017 முதல் யாராக இருந்தாலும் உறுதியானதும் சிகிச்சைதான். காசநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவது எதையும் விடாமல் சொல்லிவிடுங்கள், காசநோய் மருந்து சேர்ந்தால் எச்.ஐ.வி. மாத்திரையின் அளவு மாறும்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்கான ஜெல் இதையெல்லாம் அதே நேரத்தில் போடாதீர்கள், மருந்து உடம்பில் சேராமல் போகும். எச்.ஐ.வி. மாத்திரை முதலில், மற்றது இரண்டு மணி நேரமாவது கழித்து. ஆறாவது மாதம் வைரல் லோடு டெஸ்ட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, அதுவும் இலவசம், யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதை வீட்டுக்காரர், வீட்டுக்காரி இருவருமே ஆலோசகர் வாயால் கேட்டால் மனசு பாதி தெளிந்துவிடும்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று பயமா? வீட்டுக்குப் பக்கத்து மையத்துக்குத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, உங்கள் நிலையை யாரும் வெளியே சொல்லக் கூடாது, வேலைக்காக டெஸ்ட் எடுக்கச் சொல்லவும் முடியாது. ஊர் மாறினால் மையத்தில் சொல்லி மாற்றல் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், மாத்திரை தீருவதற்கு முன்பே. சந்தேகம் எதுவாக இருந்தாலும் 1097 உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டாம்.