பிரபலங்களை பத்திரிகைக்கு போட்டோ எடுக்கப் போறீங்களா?

முதல்ல, சீக்கிரம் போய்ச் சேருங்க. நிகழ்ச்சி 6 மணின்னா 5 மணிக்கே அங்க இருக்கணும், டிவிக்காரங்க ஸ்டாண்டை போட்டுட்டா அப்புறம் நமக்கு அவங்க முதுகுதான் கிடைக்கும். வர்றவர் எந்த வாசல் வழியா வருவார், எங்க உக்காருவார்னு பாத்து வச்சுக்கோங்க. மைக் வாயை மறைக்கும், அதனால நேர் எதிர்ல நிக்காம கொஞ்சம் சைடுல நில்லுங்க.

தூரத்துக்கு 70-200 எம்எம் லென்ஸ் ஒண்ணு, பக்கத்துக்கு 24-70 எம்எம் ஒண்ணு, ரெண்டு கேமரா பாடில மாட்டியே வச்சுக்கோங்க, கூட்டத்துல லென்ஸ் மாத்த நேரம் இருக்காது. ஷட்டர் வேகம் 1/250 செகண்டை விட மெதுவா வேண்டாம், பேசுறவங்க கை ஆடிக்கிட்டே இருக்கும். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்திறன், 3200 போனாலும் பரவால்ல, படத்துல புள்ளி புள்ளியா வர்ற கிரெயினை மன்னிச்சுடுவாங்க, ஷேக் ஆன படத்தை யாரும் போட மாட்டாங்க. இசை நிகழ்ச்சின்னா பெரும்பாலும் முதல் 3 பாட்டுக்குத்தான் விடுவாங்க, பிளாஷ் கூடாது.

இப்ப முக்கியமான மேட்டர். பிரபலங்க கேமராவுக்குன்னே ஒரு முகம் ரெடியா வச்சிருப்பாங்க, அந்த சிரிப்பை அங்க நிக்கிற எல்லாருமே எடுப்பாங்க, நீங்களும் எடுங்க, ஆபீஸ்ல கேப்பாங்க, ஆனா அதோட கேமராவை இறக்கிடாதீங்க. சிரிச்சு முடிச்சதும் கன்னம் தளர்ற அந்த ஒரு செகண்ட், கஷ்டமான கேள்வி வந்ததும் உதட்டை மடிக்கிறது, துண்டுச்சீட்டை கசக்குற விரல், இதுக்குத்தான் வ்யூஃபைண்டர்ல கண்ணை வச்சுக்கிட்டே காத்திருக்கணும். 1941 டிசம்பர்ல கனடாவோட ஒட்டாவால போட்டோகிராபர் யூசுஃப் கார்ஷ், அப்போ பிரிட்டிஷ் பிரதமரா இருந்த சர்ச்சில் வாயில இருந்த சுருட்டை எடுத்துட்டுத்தான் கிளிக் பண்ணார், அந்த முறைப்புதான் இன்னைக்கும் நமக்குத் தெரிஞ்ச சர்ச்சில். அது ஏற்பாடு பண்ணி எடுக்குற போர்ட்ரெய்ட், அங்க அது சரி. நியூஸ்ல நாம எதையும் தொடக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடுங்க, தப்பில்ல, ஆனா வம்பிழுத்து கோவப்படுத்தி எடுக்காதீங்க, துக்க வீட்டு வாசல்ல முகத்துக்கு நேரா பிளாஷ் அடிக்காதீங்க, அவங்களும் மனுஷங்கதான்.

எடிட்டிங்ல கிராப், வெளிச்சம், அவ்வளவுதான், பின்னாடி நிக்கிறவரை அழிக்கிற வேலையே கூடாது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015லயே, ரா ஃபைல்ல (கேமரா பதிவு பண்ற, இன்னும் பக்குவப்படுத்தாத டேட்டா) இருந்து பிராசஸ் பண்ண படம் வேண்டாம், கேமராலயே பதிவான ஜேபெக் மட்டும் அனுப்புங்கன்னு ஃப்ரீலான்சர்ஸுக்கு சொல்லிடுச்சு.

கேப்ஷன்ல பேர் தப்பானா நல்ல படமும் வீணாப்போகும். மேஜை மேல இருக்கிற பேர்ப் பலகைய ஒரு கிளிக் எடுத்து வச்சுக்கோங்க, இனிஷியல் வரைக்கும் அதுல இருக்கும், பக்கத்துல நின்னவர் யாருன்னு கூட்டம் கலையுறதுக்குள்ள கேட்டுடுங்க.