தேரூர்க் குளமும் ஒரு தாளும்: அரூப ஓவியம் பழகத் தொடங்குபவர்களுக்கு

அரூப ஓவியம் என்றால் பொருளின் உருவத்தை வரையாமல், அது தந்த உணர்வை நிறத்தாலும் வீச்சாலும் காட்டுவது. அதற்கு முதல் வேலை பிரஷைத் தொடுவது இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளக்கரையிலோ உங்கள் ஊர் வயல் வரப்பிலோ கால் மணி நேரம் உட்காருங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் மனதில் நிற்பதை மூன்றே சொற்களில் எழுதுங்கள். ஒருநாள் நான் எழுதியது: சாய்வு, கலங்கல், திடீர் வெள்ளை. அந்த வெள்ளை ஒரு கொக்கு. ஆனாலும் கொக்கை வரையப் போவதில்லை. அது எழும்பிய வேகம்தான் தாளில் வேண்டும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாளாக இருக்கட்டும். மெல்லிய தாள் நனைந்தால் நெளிந்துவிடும். நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள்.

நிறத்துக்குக் கடை வாட்டர்கலரே போதும். எனக்கு வீட்டு முற்றத்துச் செம்மண் இல்லாமல் முடியாது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் கழித்துக் கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். மறுநாள் தெளிந்த நீரை இறுத்தால் மிஞ்சும் நுண்ணிய வண்டல்தான் நிறம். வேலம்பிசின் கரைசலில் குழைத்துப் பூசலாம். செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலுக்கு மங்காது. மஞ்சள் தூள் சீக்கிரம் வெளுத்துவிடும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அதில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட மோனசைட் கனிமம் இருக்கிறது. பொடித்து மூச்சில் இழுக்கும் பொருள் அல்ல.

சரி, இப்போது தாளைப் பஞ்சால் முழுக்க நனையுங்கள். மூன்று சொற்களில் ஒன்றை மனதில் வைத்து, தோளிலிருந்து கையை வீசி ஒரே இழுப்பு. நிறம் பரவும், அதைத் திருத்த ஓடாதீர்கள். பலகையைச் சாய்த்து அது போகும் வழியைப் பாருங்கள். அடுத்த நிறம் எங்கே என்று அந்த ஓட்டமே சொல்லும். எங்கோ ஓரிடத்தைத் தொடாமல் வெள்ளையாக விடுங்கள்.

உப்பு போடும் நேரம்தான் நுணுக்கமானது. ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கும்போது நாலைந்து கல்லுப்பைத் தூவுங்கள். உப்பு ஈரத்தை உறிஞ்ச, நிறம் விலகி, பாறைப் பாசி போல வெளிறிய பூக்கள் விழும். முன்பே போட்டால் கரைந்துவிடும், காய்ந்த பின் போட்டால் ஒன்றும் நடக்காது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாட்களில் தாள் காயவே நேரமாகும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் பிடித்தால் பூ விழாது.

அப்புறம் தாளைத் தலைகீழாகத் திருப்பி, சுவரில் சாய்த்து, ஒரு இரவு விடுங்கள். காலையில் மலையோ மரமோ அப்பட்டமாகத் தெரிந்தால், அந்த இடத்தில் மட்டும் நீர்த்த நிறம் ஒரு கை. தெரியாவிட்டால் தொட வேண்டாம். உப்பைக் கையால் தட்டிவிட்டு, டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள்.